மாதிரி எண் பதினான்கு

விளக்கு சிவப்பு. அதுவும் மங்கல்.
ஜூரோங் மேற்கில், தரைக்குக் கீழே இரண்டாம் தளத்தில்,
கண் பழகப் பத்து நிமிடம் ஆகும்.
அதுவரை கையால்தான் பார்க்கிறேன்:
இரும்புக் குழாய், இரு முனையிலும் கறுப்பு டேப்,
டேப்பின்மேல் யாரோ நடு வெயிலில் நின்று
கிறுக்கிய எண்.

குழாய்க்குள் ஓர் ஆறு இருக்கிறது.
தண்ணீர் போய்விட்டது,
பெயர் வைக்கும் ஆட்கள் வருவதற்கு முன்பே.
அரபு மணலுக்கு அடியில்
செயற்கைக்கோளின் கண்ணுக்கு மட்டும்
ஒரு வளைவு தெரிந்ததாம்,
போர்வைக்குள் மடங்கிய முழங்கால் போல.
அங்கே தோண்டினார்கள்.
எனக்கு வந்தது ஒரு சாண் நீள இருட்டு.

பாலை என்று தனியாக ஒரு நிலம் கிடையாது,
காய்ந்துபோனால் எதுவும் பாலைதான்
என்று ஒன்பதாம் வகுப்பில் மதிப்பெண்ணுக்காக எழுதினேன்.
இப்போது அதற்குத்தான் சம்பளம்.

மணல்மணிக்குத் தெரியும்
தான் கடைசியாக வெயில் கண்ட நாள்.
புதைந்த கணத்திலிருந்து
இருட்டைச் சிறுகச் சிறுகச் சேர்த்துக்கொண்டே கிடக்கும்.
வெளிச்சம் பட்டதோ,
சேர்த்ததையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டிவிடும்.
கொட்டுவதை எண்ண ஓர் இயந்திரம்.
இயந்திரத்துக்கு ஊட்டிவிட நான்.

இந்த அடுக்குக்கு நாலு விரல் மேலே
ஒரு கற்செதில் கிடைத்ததாகக் குறிப்பில் இருக்கிறது.
உட்கார்ந்து உடைத்திருக்கிறார்கள்.
கரையில் நீர்யானையின் பல்லும் உண்டு.
யாருக்கோ பயமாக இருந்திருக்கும், தண்ணீர் மொள்ள.

சாப்பாட்டு மேசையில் கேட்டேன்:
“அப்புறம் எங்கே போனார்கள்?”
பெக் ஹூன் மீன் உருண்டையைக் குச்சியால் துரத்திக்கொண்டே சொன்னாள்:
“போகவே இல்லை.
மழை கொஞ்சம் தள்ளிப் பெய்தது,
மான் கொஞ்சம் தள்ளி மேய்ந்தது,
இவர்கள் கொஞ்சம் தள்ளிப் படுத்தார்கள்.
கண்டம் மாறியது அவர்களுக்குத் தெரியாது.”

எனக்குத் தெரிந்திருந்தது.
திருச்சியிலிருந்து நாலு மணி நேரம்,
இருபத்தைந்து கிலோ, அதில் மூன்று கிலோ மிளகாய்த் தூள்.
வந்த நோக்கம் என்ற கட்டத்தில்
பேனா கொஞ்ச நேரம் நின்றது.
மழை என்று எழுத முடியாது.

இருட்டறைக்குள் கைப்பேசி கூடாது.
கதவிலேயே நான்கு மொழியில் ஒட்டியிருக்கிறது.
ஆனால் ஏழு வாரமாய் ஒரு பதிலுக்குக் காத்திருந்தேன்,
சட்டைப் பையில், திரையை உள்பக்கம் திருப்பி.
குனிந்து டேப்பைப் பிரித்தேன்.
மணலைத் தட்டில் சாய்த்தேன்.
நழுவி விழுந்தது. விழுந்த இடத்திலேயே
நீலமாய் எரிந்தது:

உங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது.

அவ்வளவுதான் செய்தி.
தட்டில் இருந்த மணல் முழுவதும்
அதைப் படித்துவிட்டது.

எத்தனை ஆயிரம் ஆண்டு என்று
இனி அந்தத் தட்டைக் கேட்க முடியாது.
பெக் ஹூன் திட்டவில்லை. அது இன்னும் மோசம்.
“குழாயின் நடுவில் மிச்சம் இருக்கிறது,” என்றாள்.
“இதைக் கொட்டிவிடு.”
பதிவேட்டில் எழுதினேன்: ஒளி பட்டது. என் தவறு.
கையெழுத்து, தேதி.

வெளியே மழை விட்டிருந்தது.
சிமெண்டுக் கால்வாயில் பழுப்புத் தண்ணீர்
அவசரமாய்க் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது,
அந்தக் கடலோரமும் எங்கிருந்தோ கப்பலில் வந்த மண்தான்.
179 வர ஆறு நிமிடம்.
சட்டைக்கையை உதறப் போனேன்;
மடிப்பில் ஒரே ஒரு மணி
ஒட்டிக்கொண்டு மினுங்கியது.

நல்ல வெயில்.
உதறவில்லை.
அதற்கு வயது இப்போது
நாற்பது நிமிடம் இருக்கும்.